உடலுக்குள் ஹைட்ரஜன்: அரை நூற்றாண்டுக் கேள்வி

நிறமும் மணமும் சுவையும் அற்றது. உடல் வெப்பநிலையில் எதனோடும் எளிதில் வினைபுரியாதது. ஹைட்ரஜன் வாயுவைப் பற்றி உடலியல் நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தது ஏறக்குறைய இவ்வளவே. அதே வாயு மூளைத் திசுவைக் காக்கும், அழற்சியைத் தணிக்கும், சர்க்கரை நோயாளியின் ரத்தக் கொழுப்பைச் சீராக்கும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் இன்று பேசுகின்றன. அவற்றில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவை. ஆய்வு ஒரு பக்கம் நடக்க, ‘ஹைட்ரஜன் நீர்’ அலுமினியப் பையிலும் மாத்திரையிலும் வீட்டு இயந்திரத்திலும் விற்பனைக்கு வந்துவிட்டது.

இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஹைட்ரஜன் மூலக்கூறு நோயாளிக்கு ஏதேனும் நன்மை செய்கிறதா என்பது ஒன்று. செய்தால் எந்த வழியில் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரிந்து, இரண்டாவது பல பத்தாண்டுகள் விடையின்றிக் கிடந்த மருந்துகள் உண்டு. 1899-இல் சந்தைக்கு வந்த ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பது 1971-இல்தான் துலங்கியது. ஹைட்ரஜன் விஷயத்தில் வரிசை மாறிப்போனது. ‘எப்படி’ என்பதற்கு அழகான விடை ஒன்று முதலில் வந்தது. அந்த விடையின் பலத்தில்தான் ‘ஆம், நன்மை செய்கிறது’ என்ற நம்பிக்கையும் பரவியது. பின்னர் விடை ஆட்டம் கண்டது. நம்பிக்கை அந்த அளவுக்கு ஆட்டம் காணவில்லை. இன்றைய குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆழ்கடலும் ஆய்வுக்கூட எலிகளும்

ஹைட்ரஜனை மனிதர்கள் பெருமளவில் சுவாசித்தது முதலில் மருத்துவத்துக்காக அல்ல. ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஆர்னே செட்டர்ஸ்ட்ரோம், இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில், ஆழ்கடல் மூழ்குதலுக்கு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயுவைப் பயன்படுத்திப் பார்த்தார். ஆக்சிஜன் 4 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் கலவை வெடிக்காது. ஆழத்தின் அழுத்தத்தில் அந்தச் சிறு அளவே சுவாசத்துக்குப் போதும். 1945 ஆகஸ்டில் பால்டிக் கடலில் அவர் இறந்தார். காரணம் வாயு அல்ல; மேலே இழுத்தவர்களின் பிழை. பின்னர் பிரான்சின் கோமெக்ஸ் நிறுவனம் ‘ஹைட்ரா’ என்ற தொடர் சோதனைகளில் இதே வழியைப் பின்பற்றியது. 1988-இல் அதன் மூழ்காளர்கள் கடலில் 500 மீட்டருக்கும் கீழே வேலை செய்தனர். 1992-இல் அழுத்த அறையில் 701 மீட்டர் ஆழத்துக்கு இணையான நிலையை ஒருவர் எட்டினார். மிக உயர்ந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் மனமயக்கம் தருவது தெரியவந்தது. அதைத் தவிரக் குறிப்பிடத்தக்க நச்சுத்தன்மை எதுவும் புலப்படவில்லை. நோயாளிகளுக்கு வாயுவைக் கொடுக்கலாம் என்ற பிற்காலத் துணிச்சலுக்கு இந்த அனுபவமும் ஓர் அடித்தளம்.

சிகிச்சை என்ற எண்ணம் 1975-இல் அச்சேறியது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மால்கம் டோல், வில்சன், ஃபைஃப் ஆகிய மூவர், தோல் புற்றுநோய் கண்ட முடியற்ற சுண்டெலிகளை 97.5 சதவீத ஹைட்ரஜனும் 2.5 சதவீத ஆக்சிஜனும் கொண்ட கலவையில், வளிமண்டலத்தைப்போல் 8 மடங்குக்கும் சற்று மேலான அழுத்தத்தில், இரண்டு வாரம்வரை வைத்தனர். கட்டிகள் சுருங்கின. எதனோடும் எளிதில் வினைபுரியும் ‘தனி உறுப்பு’ (free radical) மூலக்கூறுகளை ஹைட்ரஜன் செயலிழக்கச் செய்திருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த இந்த ஆய்வு பெரிதாகத் தொடரப்படவில்லை. இவ்வளவு அழுத்தத்தில் நோயாளியை வாரக்கணக்கில் வைத்திருப்பது எந்த மருத்துவமனைக்கும் ஆகாத காரியம். 2001-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், ஒட்டுண்ணியால் கல்லீரல் அழற்சி கண்ட எலிகளிடம் இதேபோன்ற உயர் அழுத்தத்தில் நற்பலன் கண்டதாக எழுதினர். அதுவும் ஓரமாகவே நின்றது.

மின்னாற்பகுத்த நீரின் கிளைக்கதை

இதற்கு இணையாக ஜப்பானில் வேறொரு நீரோட்டம் இருந்தது. நீரை மின்னாற்பகுத்து எதிர்முனைப் பக்கம் சேரும் கார நீரை அருந்தினால் வயிற்றுக்கு நல்லது என்ற நம்பிக்கை அது. 1965-இல் ஜப்பானிய சுகாதார அமைச்சகம் இவ்வகைக் கருவிகளை, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, செரிமானக் கோளாறு போன்ற வயிற்று உபாதைகளுக்கான வீட்டு மருத்துவச் சாதனமாக ஏற்றுக்கொண்டது. அனுமதி வயிற்றுக்கு மட்டுமே. ஆனால் விற்பனையாளர்களின் பேச்சு அந்த எல்லையில் நிற்கவில்லை.

காரத்தன்மையே மருந்து என்ற விளக்கம் ஆரம்பத்திலிருந்தே பலவீனமானது. இரைப்பையின் அமிலம் அந்த மெலிந்த காரத்தைக் கணத்தில் சமன்படுத்திவிடும். 1997-இல் கியூஷு பல்கலைக்கழகத்தின் ஷிராஹாட்டா குழு வேறு விளக்கம் தந்தது: மின்னாற்பகுத்த நீரில் ‘செயலூக்க ஹைட்ரஜன்’, அதாவது ஒற்றை ஹைட்ரஜன் அணு, தங்கியிருந்து ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்றது. நீரில் ஒற்றை அணு கணநேரமும் தனித்திருக்காது என்று வேதியியலாளர்கள் மறுத்தனர். அந்த மறுப்பு சரியானது. ஆயினும் விவாதத்தில் ஒன்று தெளிவாயிற்று. அந்த நீரில் கரைந்த ஹைட்ரஜன் வாயு, அதாவது இரட்டை அணு மூலக்கூறு, உண்மையிலேயே இருந்தது. நீருக்கு ஏதேனும் விளைவு இருந்தால் அதற்கு உரியது காரமல்ல, கரைந்த வாயு என்ற கருத்துக்குக் களம் உருவாகியிருந்தது.

2007: ஒரு கட்டுரை, ஒரு துறை

டோக்கியோவின் நிப்பான் மருத்துவப் பள்ளியில் ஷிகேயோ ஓட்டா தலைமையிலான குழு 2007-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, துறையின் உண்மையான பிறப்பு. பெருமூளைத் தமனியை அடைத்துப் பின் திறந்துவிட்ட எலிகளுக்கு 2 முதல் 4 சதவீத ஹைட்ரஜனைச் சுவாசிக்கத் தந்தபோது மூளைச் சேதம் குறைந்தது. உயர் அழுத்தம் தேவைப்படவில்லை. 4 சதவீதத்துக்குக் கீழே ஹைட்ரஜன் காற்றில் தீப்பற்றாது என்பதால் மருத்துவமனைச் சூழலுக்கும் பொருந்தியது.

கட்டுரையின் கவர்ச்சி விளைவைவிட விளக்கத்தில் இருந்தது. செல்லில் உண்டாகும் ஆக்சிஜன் சார்ந்த வினைப்பொருள்கள் எல்லாமே தீயவை அல்ல. ஹைட்ரஜன் பெராக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் செல்களின் சமிக்ஞைப் பணியில் தேவைப்படுபவை. கண்மூடித்தனமாகச் சேதம் விளைவிப்பவை ஹைட்ராக்சில் தனி உறுப்பும் பெராக்சிநைட்ரைட்டும். ஹைட்ரஜன் இந்த இரண்டை மட்டும் தேர்ந்து அழிக்கிறது, மற்றவற்றைத் தொடுவதில்லை என்று அக்குழு வாதிட்டது.

அந்தக் காலச் சூழலை நினைவில் கொண்டால் இதன் ஈர்ப்பு விளங்கும். முதுமைக்கும் நோய்க்கும் தனி உறுப்புகளே காரணம் என்று டென்ஹாம் ஹார்மன் 1956-இல் முன்வைத்த கருத்து, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளின் பெருஞ்சந்தையை உருவாக்கியிருந்தது. ஆனால் 1994-இல் பின்லாந்தின் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த பெரும் ஆய்வில், பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. பக்கவாதத்தில் தனி உறுப்புகளைப் பிடித்து வைக்கும் என்.எக்ஸ்.ஒய்.-059 என்ற மருந்து 2006-இல் முதல் பெரும் சோதனையில் நம்பிக்கை தந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த இரண்டாவது சோதனையில் முற்றிலும் தோற்றது. அந்தத் தோல்வி அச்சில் வந்ததும் 2007-இல்தான். ஆன்டிஆக்சிடன்ட் கோட்பாடு சரிந்துகொண்டிருந்த வேளையில், ‘தோற்றவை எல்லாம் பாகுபாடின்றி அழித்தவை, இது தேர்ந்து அழிப்பது’ என்று சொல்லி ஹைட்ரஜன் உள்ளே வந்தது.

வேதிவினை வேகம் எழுப்பும் தடை

இந்த விளக்கத்துக்கு எதிரான வாதம் எண்களால் ஆனது. என் பார்வையில் இந்த விவாதம் முழுவதிலும் மிக வலுவான வாதமும் அதுவே.

ஹைட்ரஜன் ஹைட்ராக்சில் தனி உறுப்போடு வினைபுரியும் என்பது உண்மை. எவ்வளவு வேகமாக என்பதே கேள்வி. இவ்வினையின் வேக மாறிலி, மோலார் அலகில் வினாடிக்கு ஏறக்குறைய 4 கோடி. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஹைட்ராக்சில் எதிர்ப்படும் எதனோடும் வினைபுரியும் மூர்க்கம் கொண்டது. புரதம், கொழுப்பு, டி.என்.ஏ., சர்க்கரை ஆகியவற்றோடு அதன் வேக மாறிலி நூறு கோடி முதல் ஆயிரம் கோடி வரை போகிறது. அளவும் முக்கியம். 2 சதவீத ஹைட்ரஜனைச் சுவாசிப்பவரின் ரத்தத்தில் அது சமநிலையில் லிட்டருக்கு 16 மைக்ரோமோல் அளவில்தான் கரைந்திருக்கும். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறக்குறைய 5,000 மைக்ரோமோல் இருக்கிறது. ஹைட்ராக்சிலோடு அதன் வேக மாறிலி சுமார் 150 கோடி. பெருக்கிப் பார்த்தால், குளுக்கோஸ் ஒன்று மட்டுமே ஹைட்ரஜனைவிடப் பத்தாயிரம் மடங்கு வேகத்தில் ஹைட்ராக்சிலைப் பிடித்துவிடும். ஹைட்ரஜனின் பங்குக்கு எஞ்சுவது பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அப்படிச் சிக்கும் அந்த ஒன்றிலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் அணுவும் ஆக்சிஜனோடு சேர்ந்து இன்னொரு தனி உறுப்பாகிறது.

பெராக்சிநைட்ரைட் பற்றிய பாதி இன்னும் மோசமான நிலையில் இருக்கிறது. 2014-இல் சூரிச்சில் வில்லெம் கொப்பெனோல் குழு நேரடியாகச் சோதித்து, அது ஹைட்ரஜனோடு வினைபுரியவே இல்லை என்று முடிவு செய்தது. தனி உறுப்பு வேதியியலில் நெடுங்கால அனுபவம் உள்ள குழு அது. அதன் முடிவைத் தள்ளிவிடுவது எளிதல்ல.

ஆதரவாளர்களின் பதில்கள் இரண்டு வகை. ஹைட்ரஜன் மிகச் சிறியது, கொழுப்புச் சவ்வுகளை ஊடுருவி, பெரிய ஆன்டிஆக்சிடன்ட் மூலக்கூறுகள் எட்டாத மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறத்துக்கும் செல்லும் என்பது முதலாவது. ஊடுருவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கேயும் புரதமும் கொழுப்பும் நெருங்கிக் கிடக்கின்றன; போட்டியின் கணக்கு அங்கேயும் மாறாது. இரண்டாவது பதில் நேர்மையானது: நேரடி அழிப்பு முக்கிய வழியாக இருக்க இயலாது, வேறு வழியைத் தேட வேண்டும் என்பது. ஓட்டா உள்ளிட்டோரின் பிற்கால எழுத்துகளும் இத்திசையில் நகர்ந்தன. விற்பனை விளம்பரங்களோ இன்றும் 2007-இன் விளக்கத்தையே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சமிக்ஞை என்னும் மாற்று வழி

மாற்று விளக்கங்களின் பொதுச்சாரம்: ஹைட்ரஜன் தானே சண்டையிடுவதில்லை, செல்லின் சொந்தப் பாதுகாப்பைத் தூண்டிவிடுகிறது. விலங்கு ஆய்வுகள் பலவற்றில், ஹைட்ரஜன் பெற்ற திசுக்களில் என்.ஆர்.எஃப்.2 என்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் கூடுதலாகச் செயல்பட்டு ஆன்டிஆக்சிடன்ட் நொதிகள் பெருகின. அழற்சியை முடுக்கும் என்.எஃப்.-கப்பா-பி அடங்கியது. சர்க்கரை நோய் கொண்ட சுண்டெலிகளின் கல்லீரலில் எஃப்.ஜி.எஃப்.21 என்ற ஹார்மோன் கூடியதை 2011-இல் ஓட்டா குழு பதிவு செய்தது. ஹைட்ரஜன் நீர் குடித்த சுண்டெலிகளின் இரைப்பையில் கிரெலின் சுரப்பு கூடுவதாகக் கியூஷு ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினர்.

இவை எல்லாம் கீழ்நிலை விளைவுகள். ஹைட்ரஜன் முதலில் எதைத் தொடுகிறது என்பதற்கு இவற்றில் விடை இல்லை. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உடலில் சமிக்ஞையாக வேலை செய்வதைக் கண்டவர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வாயுவை உண்டாக்கும் நொதி எது, அது பற்றிக்கொள்ளும் ஏற்பி எது, பற்றியபின் என்ன நடக்கும் என்று படிப்படியாகக் காட்டப்பட்டது. கார்பன் மோனாக்சைடுக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும்கூட அவற்றை உண்டாக்கும் நொதிகள் நம் செல்களில் உள்ளன. ஹைட்ரஜனுக்கு நொதி, ஏற்பி இரண்டுமே தெரியவில்லை. அதை உண்டாக்கும் நொதியும் பயன்படுத்தும் நொதியும் பாக்டீரியாக்களிடம் உண்டு. மனிதச் செல்லில் கண்டறியப்படவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப மூன்று முயற்சிகள் கவனத்துக்குரியவை. சவ்விலுள்ள கொழுப்புகளின் ஆக்சிஜனேற்றச் சங்கிலியை ஹைட்ரஜன் சற்றே மாற்றி, அதில் பிறக்கும் பொருள்கள் வழியாக மரபணுச் செயல்பாட்டைத் திருத்துகிறது என்பது 2016-இல் வந்தது. ஹீமில் இருப்பதைப் போன்ற இரும்பு-போர்ஃபிரின் அமைப்பே ஹைட்ரஜனின் முதல் இலக்கு என்பது அண்மையது. மூன்றாவது மைட்டோகாண்ட்ரியாவைச் சார்ந்தது. அதன் ஆற்றல் சங்கிலியின் முதல் அங்கமான காம்ப்ளக்ஸ் 1, பரிணாம வழியில் பாக்டீரியாக்களின் ஹைட்ரஜன் நொதிகளோடு உறவுடையது. ஆகவே அங்கே ஹைட்ரஜனுக்குப் பழைய தொடர்பின் எச்சம் இருக்கலாம் என்கிறார்கள். கருத்து கவர்ச்சியானது. ஆனால் உறவு இருப்பதால் வேலையும் எஞ்சியிருக்கிறது என்று ஆகிவிடாது. ஹைட்ரஜனைப் பற்றும் உலோக மையம் காம்ப்ளக்ஸ் 1-இல் இல்லை. இம்மூன்றில் எதுவும் பல ஆய்வகங்களில் சுதந்திரமாக உறுதிசெய்யப்பட்ட நிலையை எட்டியதாகத் தெரியவில்லை.

குடல் எழுப்பும் கேள்வி

ஹைட்ரஜன் நீரின் ஆதரவாளர்கள் எதிர்கொள்ள வேண்டிய எளிய கேள்வி ஒன்று உண்டு. நம் பெருங்குடலிலுள்ள பாக்டீரியாக்கள், செரிக்காத மாவுப்பொருளை நொதிக்கச் செய்து எப்போதும் ஹைட்ரஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரு நாளில் பல நூறு மில்லிலிட்டர்வரை உருவாகும். பயறும் பருப்பும் நிறைய உண்டால் இன்னும் கூடும். ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே வெளியேறுகிறது. பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காதவர்களைக் கண்டறியும் மூச்சுச் சோதனை இதை நம்பித்தான் இயங்குகிறது: மூச்சில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 20 பங்கு கூடினால் செரிமானக் குறை என்று பொருள்.

இதோடு ஹைட்ரஜன் நீரை ஒப்பிடலாம். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர் 1.6 மில்லிகிராம் ஹைட்ரஜனைத்தான் கரைத்துக்கொள்ளும். வாயுவாகக் கணக்கிட்டால் 20 மில்லிலிட்டருக்கும் குறைவு. பல நூறு மில்லிலிட்டர் உற்பத்தியாகும் உடலுக்கு இந்த 20 மில்லிலிட்டர் என்ன புதிதாகச் செய்துவிடும்?

இந்தக் கேள்வி தற்செயலாக ஒரு பெரும் சோதனைக்கும் உள்ளாயிற்று. சர்க்கரை நோய்க்கான அகார்போஸ் மாத்திரை, மாவுப்பொருள் சிறுகுடலில் செரிப்பதைத் தடுத்துப் பெருங்குடலுக்கு அனுப்புகிறது. அங்கே ஹைட்ரஜன் பெருகுகிறது; மாத்திரை உண்பவர்களின் வாயுத் தொல்லைக்குக் காரணமும் இதுவே. இம்மாத்திரை இதய நோய்களைக் குறைத்ததாக 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த நன்மைக்குக் குடலில் பெருகிய ஹைட்ரஜன் காரணமாக இருக்கலாம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஊகித்தனர். ஆனால் சீனாவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் நடந்த ‘ஏஸ்’ ஆய்வின் முடிவுகள் 2017-இல் வெளிவந்தபோது, அகார்போஸ் இதய நோய் நிகழ்வுகளைக் குறைக்கவில்லை என்பது தெரிந்தது. புதிதாகச் சர்க்கரை நோய் வருவது மட்டும் ஓரளவு குறைந்திருந்தது. ஹைட்ரஜனைச் சோதிக்க வடிவமைத்த ஆய்வல்ல அது. இருந்தும், உடலில் ஹைட்ரஜன் கூடினால் இதயம் காக்கப்படும் என்ற எளிய எதிர்பார்ப்புக்கு அது சாதகமாக இல்லை.

ஆதரவாளர்கள் தரும் மறுமொழி, அளவைவிட முறையே முக்கியம் என்பது. 2012-இல் ஜப்பானில் செயற்கையாகப் பார்கின்சன் நோய் உண்டாக்கப்பட்ட எலிகளிடம் ஹைட்ரஜன் நீரும், இடைவெளி விட்டுத் தந்த வாயுவும் ஓரளவு பலன் தந்தன. தொடர்ந்து தந்த வாயுவும், குடலில் ஹைட்ரஜனைப் பெருக்கும் லாக்டுலோஸும் பலன் தரவில்லை. நீரைக் குடித்ததும் ரத்தத்தில் சட்டென்று ஏறி இறங்கும் அலை சமிக்ஞையாக வேலை செய்கிறது, குடலின் சீரான கசிவுக்கு உடல் பழகிவிட்டது என்பது இதிலிருந்து எடுக்கும் வாதம். நிராகரிக்க முடியாத வாதம்; ஏற்பி எது என்று தெரியாதவரை நிறுவவும் முடியாத வாதம்.

மனிதர்களிடம் கிடைத்த சான்றுகள்

மனிதச் சோதனைகளில் ஒரு போக்கு திரும்பத் திரும்பத் தெரிகிறது. சிறிய ஆய்வு நம்பிக்கை தருகிறது. பெரிய ஆய்வு வந்தால் நம்பிக்கை மெலிகிறது. பார்கின்சன் நோய் இதற்குத் தெளிவான சான்று. 2013-இல் இருபதுக்கும் குறைவான நோயாளிகளிடம், நாளுக்கு ஒரு லிட்டர் ஹைட்ரஜன் நீரை 48 வாரம் தந்த ஜப்பானிய இரட்டை மறைப்பு ஆய்வில் நோய் மதிப்பெண் மேம்பட்டது. அதே ஆய்வாளர்கள் பல மருத்துவமனைகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரிடம் 72 வாரம் நடத்திய தொடர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. நீருக்கும் மருந்துப்போலிக்கும் வேறுபாடு தெரியவில்லை. தம் முந்தைய முடிவுக்கு எதிரானதை அவர்களே வெளியிட்டது பாராட்டுக்குரியது. துறையின் நன்மதிப்புக்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

சர்க்கரை நோய், உடல் பருமன் சார்ந்த ஆய்வுகள் 2008-இல் கியோட்டோவில் முப்பத்தாறு பேரிடம் நடந்ததிலிருந்து தொடங்குகின்றன. அதில் சேதமடைந்த எல்.டி.எல். கொழுப்பு சற்றுக் குறைந்தது. 2020-இல் 60 பேரிடம், உயர் செறிவு ஹைட்ரஜன் நீரை 24 வாரம் தந்த ஆய்வில் கொழுப்பும் சர்க்கரையும் குறைந்ததாக முடிவு வந்தது. இவற்றில் அளக்கப்படுபவை ரத்தக் குறியீடுகள். மாரடைப்போ மரணமோ அல்ல. உயர் செறிவு பெரும்பாலும் மெக்னீசியம் உலோகம் கொண்ட மாத்திரையை நீரில் போட்டுப் பெறப்படுவது. மெக்னீசியத்துக்குத் தனி விளைவு உண்டு என்பதால், மருந்துப்போலியில் அதே அளவு மெக்னீசியமும் அதே காரத்தன்மையும் இருந்தனவா என்று ஒவ்வோர் ஆய்விலும் பார்க்க வேண்டியிருக்கிறது. விளையாட்டு வீரர்களின் சோர்வு பற்றிய சோதனைகளும் பல. விளைவு சிறியது, ஒன்றோடொன்று முரண்படுவது.

கோவிட் காலத்தில் சீனாவின் ஏழாம் பதிப்புச் சிகிச்சை வழிகாட்டி, வாய்ப்பிருந்தால் 66.6 சதவீத ஹைட்ரஜன், 33.3 சதவீத ஆக்சிஜன் கலவையைத் தரலாம் என்றது. அதற்குத் துணையாக வந்த, சுமார் தொண்ணூறு நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் மூச்சுத் திணறல் தணிந்ததாகச் சொல்லப்பட்டது. யாருக்கு எது தரப்படுகிறது என்பதை நோயாளியும் மருத்துவரும் அறிந்திருந்தனர். மூச்சுத் திணறல் போன்ற அகநிலை உணர்வை அளக்கும்போது இது பெருங்குறை. அந்த வாயு காற்றைவிட மிக இலகுவானது என்பதால் மூச்சிழுக்கும் சிரமம் இயற்பியல் காரணத்தாலேயே குறைந்திருக்கலாம். அப்படியானால் அதை மூலக்கூறின் மருத்துவ விளைவு என்று கொள்ள முடியாது.

எல்லாவற்றிலும் கவனத்தை ஈர்ப்பது இதய நிறுத்தம் பற்றிய ஆய்வு. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று, மீண்டும் துடிக்கவைக்கப்பட்டு, நினைவு திரும்பாமல் கிடப்பவர்களுக்கு மூளைச் சேதமே பேராபத்து. ரத்தம் மீண்டும் பாயும் கணத்தில் ஆக்சிஜன் சார்ந்த வினைப்பொருள்கள் பெருகுகின்றன. எலி ஆய்வுகளின் சூழலுக்கு மிக நெருக்கமான மனித நிலை இதுதான். டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகம் முன்னின்று, 15 மருத்துவமனைகளில் 2017 முதல் 2021 வரை ‘ஹைப்ரிட்-2’ என்ற இரட்டை மறைப்புச் சமவாய்ப்பு ஆய்வை நடத்தியது. நோயாளிகளுக்கு 2 சதவீத ஹைட்ரஜன் 18 மணி நேரம் தரப்பட்டது. திட்டமிட்டது 360 பேர். பெருந்தொற்றால் 73 பேரோடு நின்றது. 90-ஆம் நாளில் நல்ல நரம்பு நிலையை எட்டியவர்கள் ஹைட்ரஜன் குழுவில் 56 சதவீதம், மற்றதில் 39 சதவீதம். முதன்மை அளவுகோலான இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதே புள்ளியியலின் தீர்ப்பு. துணை அளவுகோல்களில் பிழைத்தவர்கள் 85 சதவீதத்துக்கு எதிராக 61 சதவீதம். முழு மீட்சி 46-க்கு எதிராக 21.

இந்த எண்களை இரு தரப்பும் தத்தமக்கு ஏற்றவாறு படிக்கின்றன. முதன்மை அளவுகோல் தோற்றுவிட்டால் துணை அளவுகோல்களை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்பது சோதனை ஒழுங்கு. என்.எக்ஸ்.ஒய்.-059-இன் கதை அந்த ஒழுங்குக்குக் காரணம் காட்டும். அதே வேளையில், எதிர்பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்கு நோயாளிகளோடு நின்ற ஆய்விலிருந்து ‘பயனில்லை’ என்று முடிவெடுப்பதும் தவறு. மருந்தே இல்லாத கொடிய நிலை ஒன்றில் இத்தகைய வேறுபாடு தென்பட்டிருப்பதால், இதை முடித்துப் பார்க்க வேண்டிய கடமை இருக்கிறது என்றே கருதுகிறேன்.

அளவு, பாதுகாப்பு, சந்தை

18 மணி நேரம் ஹைட்ரஜனைச் சுவாசித்த தீவிர சிகிச்சை நோயாளியும், காலையில் ஒரு குவளை நீர் குடிப்பவரும் ஒரே சிகிச்சையைப் பெறவில்லை. முன்னவரின் ரத்தத்தில் ஹைட்ரஜன் தொடர்ந்து நிலைத்திருக்கிறது. பின்னவரிடம் சில நிமிடங்களில் ஏறி, மூச்சில் வெளியேறிவிடுகிறது. ஒன்றின் சான்றைக் காட்டி மற்றொன்றை விற்பதுதான் சந்தையில் நடக்கிறது. நம் நகரங்களிலும் மின்னாற்பகுப்பு நீர் இயந்திரங்கள், ஆள் சேர்க்கும் விற்பனைச் சங்கிலி வழியாக, லட்சங்களில் விலை சொல்லி விற்கப்படுகின்றன. விற்பவர் நீட்டும் தாள்களில் எலி ஆய்வுகளும் வாயு ஆய்வுகளும் நீரின் பெருமையாக இடம்பெறுகின்றன. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்பவர் அவற்றைக் கைவிட்டு நீரை நம்பினால், அங்கே நேரும் கேடு ஹைட்ரஜனால் அல்ல. ஆனாலும் கேடு கேடுதான்.

நீர் வடிவத்தில் தரக்கட்டுப்பாடும் கடினம். ஹைட்ரஜன் பிளாஸ்டிக் புட்டிச் சுவர் வழியாகவே கசிந்துவிடும். திறந்த குவளையில் சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். ஜப்பானின் தேசிய சுகாதார ஊட்டச்சத்து நிறுவனம் 2016-இல், மனிதர்களிடம் பலன் இருப்பதற்குப் போதிய நம்பகமான தரவு இல்லை என்று பதிவு செய்தது. மிகைக் கூற்றுகளோடு ஹைட்ரஜன் நீர் விற்ற நிறுவனங்கள்மீது 2017-இல் அந்நாட்டு நுகர்வோர் விவகார முகமை நடவடிக்கை எடுத்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல் பானங்களில் ஹைட்ரஜன் கரைப்பதை எதிர்க்கவில்லை. அது பாதுகாப்பு பற்றிய நிலைப்பாடு மட்டுமே. மருத்துவப் பயனுக்கான ஒப்புதலாக அதைக் காட்டுவது திரிபு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை செய்தி பெரும்பாலும் நல்லது. அமெரிக்காவில் ஆரோக்கியமான எட்டுப் பேர் 2.4 சதவீத ஹைட்ரஜனை மூன்று நாள்வரை சுவாசித்த 2021 ஆய்வில் கவலைக்குரிய விளைவு தென்படவில்லை. வாயுவின் தீப்பற்றும் தன்மை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாதது. காற்றில் 4 முதல் 75 சதவீதம்வரை எரியக்கூடியது. உடையின் நிலைமின்னே பற்றவைக்கப் போதும். 66 சதவீத ஹைட்ரஜனைத் தரும் வீட்டு இயந்திரங்கள் இந்த எல்லைக்குள் இருப்பவை.

முடிவாகாதவை

நேரடி ஆன்டிஆக்சிடன்ட் விளக்கம், 2007-இல் சொல்லப்பட்ட வடிவில், நிற்கவில்லை. அதை ஈடுசெய்ய வந்த சமிக்ஞை விளக்கங்கள் நம்பத்தகுந்தவை; தொடக்கப் புள்ளி இன்னும் காட்டப்படவில்லை. விலங்கு ஆய்வுகளின் திரண்ட எண்ணிக்கை அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. ஆனால் சாதக முடிவே அச்சேறும் போக்கு இத்துறையில் எவ்வளவு என்பது அளக்கப்படும்வரை அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அன்றாடம் அருந்தும் நீருக்கான சான்று, குறிப்பாகப் பார்கின்சன் ஆய்வுக்கும் குடல் ஹைட்ரஜன் கணக்குக்கும் பிறகு, மெலிந்தே இருக்கிறது. தீவிர நிலைகளில் சுவாச வழி தரும் வாயுவுக்கான வாய்ப்பு மூடப்படவில்லை.

இனி வரும் ஆய்வுகள், நோயாளியின் குடல் முன்பே எவ்வளவு ஹைட்ரஜன் உண்டாக்குகிறது என்பதை மூச்சில் அளந்துவிட்டுத் தொடங்கினால், எளிய செலவில் ஒரு பெரும் ஐயம் தீரும். ஏற்பியைத் தேடுவோர், ஹைட்ரஜனைப் பற்றாத வகையில் மாற்றிய இலக்கைக் கொண்ட செல்லில் விளைவு மறைவதைக் காட்ட வேண்டியிருக்கும். இதய நிறுத்தத்தில், திட்டமிட்ட 360 பேரையாவது எட்டும் சோதனை ஒன்று தேவை. ஹைட்ரஜன் மூலக்கூறு யாருக்கும் காப்புரிமையாகாது. மருந்து நிறுவனங்கள் அத்தகைய சோதனைக்குச் செலவிடத் தயங்கும் என்பதால் அரசு நிதியே வழி. அந்தச் சோதனையில் முழு மீட்சியின் வேறுபாடு மீண்டும் 46-க்கு 21 என்ற அளவில் தென்பட்டால், எந்த வழியில் செயல்படுகிறது என்று தெரியாமலேயே மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்தத் தொடங்கும். தென்படாவிட்டால், 2007-இன் எலிகளிலிருந்து மனிதருக்கு இந்த வழி திறக்கவில்லை என்று சொல்லப் போதிய ஆதாரம் முதன்முறையாகக் கிடைத்திருக்கும்.